நாய்க்கு வீட்டுச் சோறா, பாக்கெட் தீனியா, கலப்பா? நெல்லைச் சீமைக்கு ஒரு கணக்கு

நெல்லைப் பக்கம் நாய்ச் சாப்பாடு மூன்று வழியில் நடக்கிறது. குருணையையோ ரேஷன் அரிசியையோ பொங்கி, கோழிக்கடையில் வாங்கிய கழுத்தையும் காலையும் வேகவைத்துப் பிசைந்து வைப்பது ஒன்று. பாக்கெட் தீனி இன்னொன்று. எந்தக் கம்பெனி தீனியானாலும் கடையில் பலர் ‘பெடிகிரி’ என்றே கேட்பார்கள். காலையில் பாக்கெட், ராத்திரி சோறு என்று கலந்து போடுவது மூன்றாவது. நாயின் வயது என்ன, வீட்டில் தினமும் எடை போட்டுச் சமைக்க ஆள் உண்டா, ஃப்ரிட்ஜில் அதற்கென ஒரு தட்டு ஒதுக்க முடியுமா என்று தெரியாமல் இந்த மூன்றில் எது சிறந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எங்கள் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறோம். ஒரு வயது முடியாத குட்டிக்குக் குட்டிகளுக்கான பாக்கெட் தீனி. வளர்ந்த நாய்க்குப் பாதியோ அதற்கு மேலோ பாக்கெட், மீதி வீட்டுச் சாப்பாடு. முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவெடுத்தால் சமையல் தராசு, முட்டை ஓட்டுத்தூள், கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த சத்துத்தூள் மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். அரிசி நாய்க்குச் செரிக்காது என்பது தவறான பேச்சு. நன்றாக வெந்த சோற்றை நாயின் குடல் சுலபமாகச் செரிக்கும். சோற்றோடு சேர வேண்டியவை சேராமல் போவதில்தான் கேடு இருக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

எந்த வழியில் போனாலும் இந்தக் கணக்கு தேவைப்படும். செல்போன் கால்குலேட்டரே போதும். நாயின் எடையை மூன்று முறை பெருக்கி, வருவதற்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்குங்கள். 20 கிலோ நாய் என்றால் 20 × 20 × 20 = 8000; வர்க்கமூலம் 89.4, மறுபடி வர்க்கமூலம் 9.46, 70-ஆல் பெருக்கினால் 662 கலோரி. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்புக்குச் செலவாகும் அளவு இது. கருத்தடை செய்த வீட்டு நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்க வேண்டும், செய்யாத நாய்க்கு 1.8-ஆல். ஆக 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 1,050 முதல் 1,200 கலோரி. 10 கிலோ நாய்க்கு 630 முதல் 710. எடை இரட்டித்தால் சாப்பாடு இரட்டிக்காது என்பதைக் கவனியுங்கள்.

இது தொடங்குவதற்கான அளவுதான். நாள் முழுக்கப் போர்ட்டிகோவில் கிடக்கும் நாய்க்கு 1,000 கலோரியே போதும். தோட்டத்தில் ஓடியாடும் நாய்க்கு அதற்கு மேல் வேண்டும். இரண்டு வாரம் கழித்து எடை பார்த்துப் பத்தில் ஒரு பங்கு கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். தராசில் நிற்காத நாய்க்குக் கையே தராசு. உங்கள் முஷ்டியை மடக்கி விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள்: நாயின் விலா அப்படித் துருத்திக்கொண்டு இருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல எலும்பே தட்டுப்படாமல் இருந்தால் கொழுப்பு. விரலை நீட்டி வைத்துப் புறங்கையைத் தடவினால் எப்படி இருக்கிறதோ, அப்படி இருக்க வேண்டும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் இந்த விதியில் கொஞ்சம் தள்ளி நிற்பவை. ஓட்டத்துக்கென்றே வளர்ந்த இனங்கள் என்பதால் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு கண்ணுக்குத் தெரிவது அவற்றுக்கு இயல்பு. “பட்டினி போட்டு வளக்கியளா?” என்று பார்க்கிறவர்கள் கேட்டதற்காகச் சோற்றைக் கூட்டிவிடாதீர்கள். லாப்ரடாரின் சிக்கல் இதற்கு நேரெதிர். ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பசியடங்கும் உணர்வைத் தரும் ஒரு மரபணுவில் குறை இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த நாய் தட்டை நக்கிவிட்டு உங்களை ஏறிட்டுப் பார்ப்பதைப் பசியின் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது.

வீட்டுச் சாப்பாடு

நம் பக்கம் நடைமுறையில் இருக்கும் வீட்டுச் சாப்பாட்டின் பெரிய குறை புரதம். 400 கிராம் சோற்றில் 200 கிராம் தயிர் ஊற்றிப் பிசைந்தால் வயிறு நிறையும், ஆனால் புரதம் 17 கிராம் அளவில் நின்றுவிடும். 1,000 கலோரி சாப்பிடும் நாய்க்குக் குறைந்தது 45 கிராம் வேண்டும். தயிர்சோற்றிலேயே காலம் தள்ளும் நாய்க்கு முடி மங்கி, தொடைச் சதை வற்றி, வயிறு மட்டும் பெருத்திருப்பது இதனால்தான்.

அதிகம் ஓடியாடாத 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 950 கலோரி தரும் ஓர் அளவு இது. அரிசி 130 கிராம். குருணையும் ஆகும், நன்றாகக் குழையும் குண்டரிசி ரகங்களும் ஆகும், குக்கரில் ஒரு விசில் கூடவே விடுங்கள். எலும்பும் தோலும் எடுத்த கோழிக்கறி 200 கிராம். ஈரல் 25 கிராம். முட்டை ஒன்று. பரங்கிக்காய், கேரட், பீன்ஸ் என்று ஏதாவது 100 கிராம், மசிய வேகவைத்து. நல்லெண்ணெய் இரண்டு டீஸ்பூன், அடுப்பை அணைத்த பிறகு. முட்டை ஓட்டுத்தூள் தலைதட்டி முக்கால் டீஸ்பூன். இதில் 60 கிராம் புரதம் கிடைக்கும். நல்லெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் ஊற்றினால் கலோரி சேரும், ஆனால் நாயின் தோலுக்கும் முடிக்கும் அவசியமான லினோலியிக் அமிலம் அதில் மிகக் குறைவு. இந்த இடத்தில் செக்கு நல்லெண்ணெய்தான் கைகொடுக்கும். ஈரலைப் பாசத்தில் கூட்டிவிடக் கூடாது. வைட்டமின் ஏ அதில் குவிந்து கிடக்கிறது. மாதக்கணக்கில் தினம் 100, 150 கிராம் போட்டால் எலும்பைப் பாதிக்கும்.

முட்டை ஓட்டுத்தூள் பலரும் தவறவிடுவது, அதனால் செய்முறையைச் சொல்கிறோம். ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஒரு நாள் வெயிலில் காயப் போடுங்கள். நெல்லை வெயிலுக்கு அரை நாளே போதும். உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைப் பற்றிக் கவலை வேண்டாம். மிக்ஸியில் இரண்டு நிமிடம் ஓட்டி, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மறுபடி அரையுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் முகப்பவுடர்போல வழுக்க வேண்டும். மணல்போல நெறுநெறுத்தால் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும். ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் தூளில், ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கறியிலும் அரிசியிலும் பாஸ்பரஸ் உண்டு, சுண்ணாம்புச்சத்து இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. தூளைச் சேர்க்காவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துச் செலவழிக்கும். “கேழ்வரகு கொடுக்கிறோமே” என்பார்கள். 50 கிராம் கேழ்வரகில் இருப்பது 170 மில்லிகிராம் சுமார். அதிலும் ஒரு பகுதியை, தானியத்திலேயே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும். தேவையோ 1,000 கலோரிக்கு 1,250 மில்லிகிராம். கேழ்வரகுக் களியை அரிசிக்கு மாற்றாக வைத்துக்கொள்ளலாம், ஓட்டுத்தூளின் இடத்தை அது பிடிக்காது.

இத்தனையும் சரியாகப் போட்டாலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ நான்கும் போதாமல் நிற்கும். அதற்குத்தான் சத்துத்தூள். வீட்டுச் சாப்பாட்டுக்கென்று கேட்டு, நாயின் எடையைச் சொல்லி எழுதி வாங்குங்கள். நெல்லைக்காரர்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி கூப்பிடு தூரம்தான்.

கோழிக்கடைக் கழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தலை, கால், கழுத்து, தோல், குடல் எல்லாம் ஒரே பையில் வரும். குடலைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். தோலையும் மஞ்சள் கொழுப்பையும் உரித்து எறியுங்கள். ஒரே வேளையில் கொழுப்பு மிகுந்து போவது கணையத்தைப் புண்ணாக்கி, வாந்தியும் வயிற்று வலியுமாக நாயைச் சுருட்டிப் போட்டுவிடும். கழுத்தும் காலும் பயன்படும், ஆனால் அரைவேக்காட்டு எலும்பு ஊசிபோல உடையும். குக்கரில் தண்ணீர் தாராளமாக விட்டு, ஆவி வந்த பின் தீயைக் குறைத்து, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேகவிடுங்கள். ஆறிய பிறகு கையால் பிசைந்து பாருங்கள். சுண்டல்போல மசிந்தால் போடலாம், ‘நறுக்’ என்று ஒரு துண்டு தட்டுப்பட்டாலும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். பச்சையாகப் போடுவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. நம் வெயிலில் கடைப்பலகையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் சால்மோனெல்லா கிருமி பெருகிவிடும். நாய் தாங்கிக்கொண்டாலும் அதன் வாயை நக்கவிடும் குழந்தை தாங்காது.

உவரி, கூடுதாழைப் பக்கத்து ஆட்களுக்குக் கோழியைவிடச் சாளை மீன் நல்ல வாய்ப்பு. மலிவாகக் கிடைக்கும் நாளில் தலையும் குடலும் நீக்கி, ஐந்தாறு விசிலுக்குப் பிறகு அரை மணி நேரம் சிறுதீயில் வைத்தால் முள் முழுக்க மசிந்துவிடும். முள்ளோடு போடும் அன்றைக்கு ஓட்டுத்தூளைப் பாதியாக்கலாம். சாளையைப் பச்சையாகப் போடக் கூடாது. அதில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும், வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். கருவாடு வேண்டாம், உப்பு தாங்காது.

சைவ வீடுகளில் முட்டைக்கு அனுமதி உண்டென்றால் வழி இருக்கிறது. 50 கிராம் காய்ந்த மீல்மேக்கரில் 26 கிராம் புரதம்; ஊறவைத்துப் பிழிந்து, வேகவைத்து, இரண்டு முட்டையோடு சோற்றில் சேர்த்தால் புரதக் கணக்கு நேராகும். முட்டையும் கூடாது என்றால் எங்கள் யோசனை, பாக்கெட் தீனிக்கே போய்விடுங்கள். பருப்பையும் தயிரையும் வைத்து ஒரு நாயை ஆண்டுக்கணக்கில் சத்தாக வளர்ப்பது, சத்தியல் படித்தவர் அளந்து கொடுத்தாலொழிய, நடக்கிற காரியமில்லை.

நமக்குச் சமைத்ததில் மிச்சத்தை வைப்பது இந்தக் கட்டுரையில் நான்காவது வழியாக இடம்பெறவில்லை, ஏனென்றால் அது வழியே இல்லை. மறுவீட்டுச் சொதி மீந்துபோனால் நாய்த்தட்டு நினைவுக்கு வரும். அதில் வெங்காயமும் பூண்டும் உண்டு, தேங்காய்ப்பாலின் கொழுப்பும் உண்டு. வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் வதங்கினாலும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும்போதுதான் தெரியவரும். கூட்டாஞ்சோறு, சால்னா, புளிக்குழம்பு எல்லாவற்றுக்கும் இதே தடைதான். புளிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் ஏராளம். அல்வா ஒரு விரல் நுனி அளவு போனால் ஒன்றும் ஆகாது. கால் கிலோ பொட்டலத்தை இழுத்துத் தின்றுவிட்டால் நெய்க்காகவே மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பாக்கெட் தீனி

இதன் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய பலம்: அளந்து போட்டால் எதுவும் விட்டுப்போகாது. அதற்கும் மூட்டையின் பின்பக்கத்தைப் படித்து வாங்க வேண்டும். ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்றும், எந்த வயதுக்கு என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். ‘கம்ப்ளிமெண்டரி’ என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும். கிலோவுக்கு எத்தனை கலோரி என்று அச்சிடாத மூட்டையை விட்டு நகருங்கள். பெரும்பாலும் 100 கிராமுக்கு 330 முதல் 400 கலோரிக்குள் இருக்கும். 350 என்று வைத்துக்கொண்டால் 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 300 கிராம். மூட்டையில் போட்டிருக்கும் அட்டவணை பல நேரம் வீட்டு நாய்க்கு அதிகமாகவே சொல்லும். ஒரு முறை தராசில் நிறுத்து, வீட்டு டம்ளர் ஒன்றில் அந்த அளவுக்குக் கோடு போட்டு வைத்துவிட்டால் பிறகு யார் போட்டாலும் அளவு தப்பாது.

நம் ஊரில் இதன் எதிரி வெயில். தீனியின் மேல் தெளித்திருக்கும் கொழுப்பு சூட்டிலும் காற்றிலும் சிக்குப் பிடிக்கும். பழைய எண்ணெய்ப் பலகாரத்தின் காறல் வாடை வந்தால் அதிலிருக்கும் வைட்டமின்களும் போயிருக்கும் என்று பொருள். வாயைத் திறந்த மூட்டை ஆறு வாரத்துக்குள் தீர வேண்டும். ஒரே ஒரு 20 கிலோ நாய் வைத்திருப்பவர் 10 கிலோ மூட்டை வாங்கினால் 33 நாளில் தீரும், சரி. மலிவாக வருகிறதென்று 20 கிலோ மூட்டை வாங்கினால் கடைசி மூன்று வாரம் கெட்டதைத்தான் போடுவார். டப்பாவில் கொட்டாமல், மூட்டையோடு சேர்த்து மூடியுள்ள டிரம்முக்குள் இறக்குங்கள். கொட்டி வைத்தால் பழைய கொழுப்பு டிரம்மின் சுவரில் ஒட்டிப் புதுத் தீனியையும் கெடுக்கும். கடையில் திறந்த சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் தீனியை வாங்காதீர்கள். எப்போது திறந்தது என்று தெரியாது. எலி மூத்திரம் பட்டிருந்தால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அள்ளிப் போடும் உங்களுக்கும் வரும்.

தண்ணீரும் ஒரு கணக்கு. பிசைந்த சோற்றில் முக்கால் பங்கு நீர். பாக்கெட் தீனியில் நூற்றுக்குப் பத்துதான். 20 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் உள்ளே போக வேண்டும், கத்திரி வெயிலில் இன்னும் கூடுதல். சோற்றிலிருந்து தீனிக்கு மாறிய நாய் அடிக்கடி தண்ணீர்ச் சட்டியைத் தேடினால் அது நோயல்ல. நிழலில் இரண்டு மண்சட்டி வையுங்கள். தீனியை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தும் போடலாம், ஆனால் ஊறியதை அரை மணிக்கு மேல் கிடக்க விடாதீர்கள்.

பல்லைத் தீனி சுத்தம் செய்யும் என்பது விற்பனைப் பேச்சு. வாரத்துக்கு மூன்று நாளாவது துலக்காமல் எந்தச் சாப்பாட்டிலும் பல் காவி பிடிக்கும்.

குட்டிக்கு ஏன் பாக்கெட்?

மூன்று மாதத்தில் 5 கிலோ இருக்கும் குட்டி ஒரு நாளைக்கு 700 கலோரி கேட்கும், அதோடு 2 கிராம் சுண்ணாம்புச்சத்தும். நம் வீடுகளில் அதற்குக் கிடைப்பது பால்சோறு. கால் லிட்டர் பாலில் 300 மில்லிகிராம், சோற்றில் ஏதுமில்லை. தேவையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. கறிசோறு போட்டால் இதைவிட மோசம், ஏனென்றால் பாஸ்பரஸ் மட்டும் ஏறும். நாலு மாதத்தில் முன்னங்கால் மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைந்து, பாதம் தட்டையாக விரிந்து, நாற்காலியிலிருந்து குதித்த குட்டி நொண்ட ஆரம்பிக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு நிழல்போல மங்கித் தெரியும். சீக்கிரம் பிடித்தால் சாப்பாட்டை மாற்றியே சரிப்படுத்திவிடலாம். வளைந்து இறுகிய பிறகு முடியாது.

இதற்குப் பயந்து குட்டித் தீனியும் போட்டு, அதற்கு மேல் கால்சியம் சிரப்பும் ஊற்றுகிறவர்கள் உண்டு. ராஜபாளையம், லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிக்கு இது அதே அளவு கெடுதல். மிகுதியான சுண்ணாம்புச்சத்தும் எலும்பின் வளர்ச்சியைக் கோணலாக்கும். முழுமையான குட்டித் தீனி போடுகிறீர்கள் என்றால் சிரப் வேண்டாம்.

மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. நேரம் தவறாமல் வைத்தால் வெளிக்கிருப்பதும் நேரத்துக்கு வரும்: சாப்பிட்ட கால் மணியிலிருந்து அரை மணிக்குள் வாசலுக்குக் கூட்டிப் போங்கள், பாதிப் பழக்கம் அதிலேயே முடிந்துவிடும். தடுப்பூசி போடாத குட்டி வாந்தி எடுத்து, ரத்தம் கலந்து கழிந்தால் சாப்பாட்டை ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் இரண்டு மூன்று நாளிலேயே கொல்லக்கூடியது.

கலப்பு

வளர்ந்த நாய்க்கு இதையே நாங்கள் முன்னால் வைக்கிறோம். காலை ஆறரைக்குள் 150 கிராம் தீனி. ராத்திரி ஏழரைக்கு மேல் வீட்டுச் சாப்பாடு, மேலே சொன்ன அளவில் பாதி: 65 கிராம் அரிசி, 100 கிராம் கறி, மற்றவை அதே விகிதத்தில், ஓட்டுத்தூளும் பாதி. முட்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும். இப்படிப் போட்டால் வீட்டுச் சாப்பாட்டில் வரும் சத்துக் குறையில் பெரும்பகுதியைத் தீனி ஈடுகட்டிவிடும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற நேர்ந்தாலும் வயிறு தயங்காது. மூட்டையின் கணக்கு மட்டும் மாறும். ஒரு நாளைக்கு 150 கிராம் என்றால் 10 கிலோ மூட்டை 66 நாள் வரும், அதற்குள் கெட்டுவிடும். 3 கிலோ பையாக வாங்குங்கள், 20 நாளில் தீரும். கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீணில்லை.

இதில் வழக்கமாக நடக்கும் தப்பு, முழு அளவு தீனியும் போட்டு, அதன் தலையில் சோற்றையும் போடுவது. ஆறு மாதத்தில் இடுப்பு காணாமல் போகும். ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும்.

ராஜபாளையம்போல நெஞ்சுக்கூடு ஆழமான நாய்க்கு ஒரே வேளையில் மொத்தத்தையும் கொட்டாதீர்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் ஓடவிடக் கூடாது. வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல், வயிறு மத்தளம்போல இறுகினால் ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள்.

செலவு

சோறு மலிவு, பாக்கெட் விலை என்ற எண்ணம் கறியைக் கணக்கில் சேர்க்காததால் வருவது. எலும்பில்லாத கோழி கிலோ 300 ரூபாய், அரிசி 50, முட்டை 6, தீனி கிலோ 250 என்று வைத்துக்கொண்டு 20 கிலோ நாய்க்கு மாதக் கணக்கு போடுவோம். வீட்டுச் சாப்பாட்டில் கறி 6 கிலோவுக்கு 1,800, அரிசி 4 கிலோவுக்கு 200, முட்டை 180; அதற்கு மேல் காய், எண்ணெய், ஈரல், சத்துத்தூள், கேஸ். தீனி 9 கிலோவுக்கு 2,250. ஏறக்குறைய சமம். கழுத்தும் சாளையும் வாங்கினால் வீட்டுச் சாப்பாடு இறங்கும், குக்கரில் ஒரு மணி நேரக் கேஸ் அதில் கொஞ்சத்தைத் தின்னும். உங்கள் ஊர் விலையை வைத்து இதே பெருக்கலைச் செய்து பாருங்கள். கறி இல்லாமல் மலிவாக முடிந்த சாப்பாடு மருந்துக்கடை ரசீதில் திரும்பி வரும்.

நேரத்தையும் சேர்க்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு முறை சமைத்து, வேளை வாரியாக டப்பாவில் அடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுவதே சரியான முறை. வெளியே வைத்த சோறு இந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதற்குள் பெருகும் நுண்ணுயிரின் நச்சு மறுபடி சூடு செய்தாலும் போவதில்லை. எறும்புக்குப் பயந்து தட்டில் மருந்துப்பொடி தூவுவதைவிட, அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் தட்டை வைத்தால் போதும்.

பழக்குவதற்கு எது வசதி?

சந்தேகமில்லாமல் தீனி. அன்றைய 300 கிராமில் 50 கிராமை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உட்கார், இரு, வா ஒவ்வொன்றுக்கும் ஓர் உருண்டை கொடுத்தால் கலோரி கூடாது. சோறு தின்னும் நாய்க்கு இது முடியாது, வேகவைத்த நெஞ்சுக்கறியை மொச்சைப் பருப்பளவு நறுக்கிக்கொள்ள வேண்டும். தனியாகக் கொடுக்கும் பண்டம் எதுவானாலும் மொத்தக் கலோரியில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. கன்னியும் சிப்பிப்பாறையும் தீனி உருண்டைக்கு மசியாமல், வேலிக்கு அப்பால் ஓடும் ஓணானைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவற்றுக்குத் தொடக்கத்தில் கறித்துண்டே வேண்டும்; கூப்பிட்டதும் வரும் பழக்கம் ஊன்றிய பிறகு தீனிக்கு இறங்கலாம். எந்த நாய்க்கும் தட்டு இருபது நிமிடம்தான். மிச்சம் வைத்தால் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தட்டு நிறைந்து கிடந்தால் கையில் இருக்கும் துண்டுக்கு மதிப்பு இராது.

வெளியூர், கூடாரம்

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நாயைக் கூட்டிப் போக முடியாது; தலையணை, மாஞ்சோலை எல்லாம் அந்த எல்லைக்குள்தான். நாயிடமிருந்து டிஸ்டெம்பர்போன்ற நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும் என்பதால் இது நியாயமான தடை. ஆகவே கூடாரம் என்றால் கடையம், செங்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்கள், அல்லது கடற்கரை. மலையடிவாரத் தோட்டத்தில் ராத்திரி நாயை வெளியே கட்டிப் போடாதீர்கள். சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. மிச்சச் சோற்றைக் கொட்டினால் பன்றியும் கரடியும் தேடி வரும். கடற்கரையில் வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் மணலில் காய்ந்து கிடக்கும். அதன் நஞ்சுக்கு மருந்து கிடையாது, எனவே அங்கே கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

பயணத்துக்குத் தீனி நிகரற்றது. இரண்டு நாளைக்கு 600 கிராம், வண்டி பழுதானால் என்று இன்னொரு 300, நான்கு லிட்டர் தண்ணீர், ஒரு ஸ்டீல் கிண்ணம், முடிந்தது. சோறு மட்டும் தின்னும் நாயைப் பயண நாளில் திடீரென்று தீனிக்கு மாற்றினால் வண்டியிலேயே கழியும். பத்து நாள் முன்பே தொடங்கி, முதலில் கால் பங்கு, மூன்று நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால் என்று ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால் அவல் எடுத்துக்கொள்ளுங்கள். 130 கிராம் அவலைக் கால் மணி நேரம் ஊறவைத்து, ஓடோடு கொண்டுபோன நாலு அவித்த முட்டையை உரித்துப் பிசைந்து, இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் 20 கிலோ நாய்க்கு அடுப்பில்லாமல் ஒரு நாள் ஓடிவிடும். முட்டையை அவித்த அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வண்டி கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் தட்டை எடுத்துவிடுங்கள். வளைவான மலைப்பாதையில் நிறைந்த வயிறு தங்காது.